உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

எல்லா நேர்முகத் தேர்வுகளிலும் வரும் முதல் கேள்வி இது. விடை தேடி இளைஞர்கள் கோச்சிங் சென்டர்களுக்கும் கைடு புத்தகங்களுக்கும் ஓடுகிறார்கள். அது இருப்பதோ அவர்கள் வீட்டில்.

ஆண்டுதோறும் குளிர்காலம் முடியும் தறுவாயில் புதுதில்லி ஷாஜகான் சாலையில் ஒரு காட்சியைக் காணலாம். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் இயங்கும் தோல்பூர் மாளிகையின் வாசலில் காலையிலேயே ஆட்டோக்களும் வாடகைக் கார்களும் வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்கள் அநேகமாக ஒரே அச்சில் வார்த்தவர்கள். ஆண்கள் என்றால் கறுப்பு அல்லது கருநீலக் கோட்டு, பளபளப்புக் கலையாத ஷூ. பெண்கள் என்றால் கஞ்சி போட்ட பருத்திப் புடவை. கையில் சான்றிதழ்க் கோப்பு. கூட வந்த அப்பாவோ அம்மாவோ நடைபாதையில் ஒதுங்கி நிற்க, பிள்ளையின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருக்கின்றன. தோத்திரம் அல்ல. மனப்பாடம் செய்த சுய அறிமுகம்.

இந்த வாசலை மிதிக்க அவர்கள் கொடுத்த விலை அதிகம். முதல்நிலைத் தேர்வைத் தாண்டி, முதன்மைத் தேர்வில் 1,750 மதிப்பெண்ணுக்கு நாள்கணக்கில் எழுதியாயிற்று. பாக்கி இருப்பது 275 மதிப்பெண். அதற்குக் கிடைப்பதோ சுமார் அரை மணி நேரம். அந்த அரை மணியில் 120 வாங்கித் திரும்புகிறவரும் உண்டு, 200ஐத் தாண்டுகிறவரும் உண்டு. இறுதிப் பட்டியலில் ஓரிரு மதிப்பெண்ணுக்கே ஆட்சியர் நாற்காலி கைநழுவி வேறு பணி வாய்த்துவிடும் என்கிறபோது, இது சின்ன வித்தியாசம் அல்ல.

தோல்பூர் மாளிகைக்குப் போகிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆனால் அதே கேள்விகளைக் கல்லூரி வளாகத்துக்கு ஆளெடுக்க வரும் மென்பொருள் நிறுவனத்தின் அதிகாரி கேட்கிறார். வங்கி அதிகாரி தேர்வில் கேட்கிறார்கள். ஓட்டலில் மேலாளர் வேலைக்கும் துணிக்கடையில் சூப்பர்வைசர் வேலைக்கும் கேட்கிறார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். இந்த வேலைக்கு ஏன் வருகிறீர்கள்? உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன? ஐந்து ஆண்டு கழித்து எங்கே இருப்பீர்கள்? படிப்பை முடித்து மூன்று வருஷம் என்ன செய்தீர்கள்? எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்? கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை கேள்வித்தாள் இதுதான். இதைவிட வெளிப்படையாகக் கசிந்த கேள்வித்தாள் நாட்டில் வேறு இல்லை.

இருந்தும் இதில்தான் பலர் கவிழ்கிறார்கள். காரணம், விடையையும் வெளியிலிருந்தே வாங்கிவிடுகிறார்கள். முன்பு ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையில் விற்ற கைடு, மாதிரி விடைகளைத் தந்தது. பிறகு பயிற்சி மையங்களின் நகல் குறிப்புகள் வந்தன. 2022இன் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு செலவும் இல்லை, கண நேரத்தில் விடை தயார். ஒரே நாளில் இருபது பேரைப் பார்க்கும் தேர்வுக் குழுவுக்கு இதனால் ஒரே மனிதரை இருபது தடவை பார்க்கும் அலுப்பு. எல்லோரும் கடின உழைப்பாளிகள், எல்லோரும் குழுவோடு இணைந்து செயல்படுகிறவர்கள், எல்லோருக்கும் ஒரே பலவீனம்: எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விட மனசு வராது.

அம்மா என்ன செய்கிறார்?

உதாரணத்துக்கு ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். பள்ளிபாளையம் விசைத்தறி வீடு. பி.காம். முடித்து, வங்கி அதிகாரி தேர்வின் எழுத்துக் கட்டங்களைத் தாண்டிவிட்டாள். நேர்முகத்துக்கு 100 மதிப்பெண்; இறுதித் தரவரிசையில் எழுத்துத் தேர்வுக்கு 80 பங்கு, நேர்முகத்துக்கு 20 பங்கு. உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி வருகிறது. அவள் தொடங்குகிறாள்: ‘மைசெல்ஃப்...’ பெயர், ஊர், பத்தாம் வகுப்பு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், அப்பா சுயதொழில், அம்மா இல்லத்தரசி, பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது. நாற்பது நொடியில் முடிந்துவிட்டது. மேஜையின் மறுபக்கத்தில் இருப்பவர்களின் கையிலுள்ள விண்ணப்பத்தில் இவ்வளவும் ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது.

அவள் சொல்லாமல் விட்டது வேறு. அம்மா இல்லத்தரசி அல்ல. காலையிலிருந்து இரவு வரை தார் சுற்றுகிறவர். கூலிக் கணக்கு நோட்டு ஆறாம் வகுப்பிலிருந்து மகளின் கையில். ஒரு வாரம் பாவு கொடுத்தவர் தந்த கூலியில் 300 ரூபாய் குறைந்தபோது, நோட்டை எடுத்துக்கொண்டு போய் மீட்டர் கணக்கைக் காட்டி வாங்கி வந்தது அவள்தான். வட்டிக்கு வாங்கிய பணத்துக்கும் வங்கிக் கடனுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த வீட்டில் அனுபவித்தே தெரிந்துகொண்டவள். ஒரு வங்கிக்கு இதைவிடப் பொருத்தமான சுய அறிமுகம் உண்டா? ஆனால் அது சொல்லத்தக்கதல்ல என்று அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். தறிச் சத்தத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு, கைடு புத்தகத்தின் சாப்பாட்டு மேஜைக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

நேர்முகத் தேர்வின் ஏற்றத்தாழ்வு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதிகாரிகளும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் வந்துபோகும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, தன்னைப் பற்றி நாலு வாக்கியம் பேசுவதைப் பத்து வயதிலிருந்தே பழகிவிடுகிறது. பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறக்காதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளை, இருபத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஐந்து பெரியவர்கள் முன்னால் தன்னைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் தன்னைப் பற்றிப் பேசுவது தற்பெருமை. வேலைச் சந்தையில் அதுவே தகுதி. இந்த இடைவெளியை மனப்பாடம் நிரப்புவதில்லை, பழக்கம் நிரப்பும்.

தேர்வாணையத்தின் அறிவிக்கையே இதற்குத் துப்புக் கொடுக்கிறது. எழுத்துத் தேர்வில் சோதித்துவிட்ட அறிவை மறுபடி சோதிப்பது நேர்முகத்தின் நோக்கம் அல்ல என்று அது சொல்கிறது. குறுக்கு விசாரணை அல்ல, இயல்பான ஆனால் நோக்கமுள்ள உரையாடல் என்பது அதன் விளக்கம். மன விழிப்பு, தெளிவாக எடுத்துரைத்தல், சமநிலையான தீர்ப்பு, நேர்மை போன்றவை அது தேடும் குணங்கள். இவற்றுக்கெல்லாம் சாட்சி விண்ணப்பதாரரின் வாழ்க்கைதான்.

கேள்விக்குப் பின்னால் ஒரு கேள்வி

வழக்கமான கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தயாரிப்பு என்பது அதைக் கண்டுகொள்வது.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதன் பொருள், இந்த அறையில் நாங்கள் எதைப் பற்றிப் பேசலாம் என்பது. பேச்சு எந்தத் திசையில் போக வேண்டும் என்று விண்ணப்பதாரரே தீர்மானிக்கும் சந்தர்ப்பம் இது ஒன்றுதான். இப்போது என்ன செய்கிறார், இதுவரை வந்த வழியில் குறிப்பிடத்தக்கது எது, இந்த வேலைக்கு ஏன் வந்திருக்கிறார் என்ற மூன்றும் ஒன்றரை நிமிடத்துக்குள் அடங்கினால் போதும். விண்ணப்பத்தில் இல்லாத ஒரு செய்தியாவது அதில் இருக்க வேண்டும். அடுத்த கேள்வி அதிலிருந்துதான் பிறக்கும்.

‘பலவீனம் என்ன?’ என்பது, தன்னைத் தானே பார்க்கத் தெரிந்தவரா என்ற சோதனை. பலத்தையே பலவீனமாக வேஷம் போட்டு அனுப்பும் தந்திரம் எப்போதோ புளித்துப் போயிற்று. எனக்குப் பலவீனமே இல்லை என்பது அதைவிட மோசம். உண்மையான, ஆனால் அந்த வேலையின் ஆதாரத்தையே ஆட்டாத ஒரு குறையைச் சொல்லி, அதைச் சரிசெய்ய என்ன செய்துவருகிறார் என்றும் சொல்வது நல்ல விடை. கூட்டத்தில் பேசத் தயங்குகிறவர், கல்லூரியின் கடைசி ஆண்டில் ஒவ்வொரு கருத்தரங்கிலும் ஒரு கேள்வியாவது கேட்பது என்று வைத்துக்கொண்டதைச் சொல்லலாம். காசாளர் வேலைக்குப் போகிறவர் கணக்கில் கவனக்குறைவு உண்டு என்று சொன்னால் அது நேர்மைதான்; வேலை கிடைக்காது என்பதும் நேர்மையான முடிவே.

‘ஐந்து ஆண்டு கழித்து?’ என்று கேட்பவர் ஜோசியம் கேட்கவில்லை. சொல்லிக்கொடுத்து ஆளாக்கியதும் ஓடிவிடுவீர்களா என்பதே அவர் கவலை. உங்கள் நாற்காலியில் இருப்பேன் என்ற சாமர்த்தியம் சினிமாவில் எடுபடும். அந்த வேலையில் எதைக் கற்க விருப்பம், எந்தப் பொறுப்புக்கு உயர எண்ணம் என்பது போதும். அதற்கு அந்த நிறுவனத்தில் அந்த வேலைக்கு அடுத்த படி எது என்று தெரிந்திருக்க வேண்டும். ‘ஏன் எங்களிடம்?’ என்ற கேள்விக்கும் தயாரிப்பு அதேதான். நாட்டின் முன்னணி நிறுவனம் என்ற புகழ்ச்சி யாருக்கும் பொருந்தும். அவர்கள் எதைச் செய்து பிழைக்கிறார்கள், அதில் இந்த வேலையின் பங்கு என்ன என்று இரண்டு வாக்கியம் சொல்லத் தெரிந்தவர் தனித்துத் தெரிவார்.

‘நடுவில் மூன்று ஆண்டு ஏன் காலி?’ என்பது இன்று லட்சக்கணக்கானவர்களைச் சுடும் கேள்வி. கரோல்பாகிலும் முகர்ஜி நகரிலும் அண்ணா நகரிலும் குடிமைப் பணித் தேர்வுக்காக இளமையின் பாதியைக் கொடுத்துவிட்டுத் தனியார் வேலைக்கு வருகிறவர்கள் அநேகம். பொதுப் பிரிவினருக்கு 6 முயற்சிகள், பிற்படுத்தப்பட்டோருக்கு 9 என்கிறபோது வருஷங்கள் கரைவதற்கு வழி இருக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொண்டதற்காக, பிள்ளைப் பேற்றுக்காக, 2020இன் ஊரடங்கில் வேலை போனதற்காக இடைவெளி விழுந்தவர்களும் உண்டு. மழுப்பினால் சந்தேகம் வளரும். குற்றவாளிபோலக் கதை சொன்னால் பரிதாபம்தான் மிஞ்சும். இரண்டு வாக்கியம் போதும்: தேர்வுக்குப் படித்தேன், இரண்டு முறை முதன்மைத் தேர்வு வரை சென்றேன், கிடைக்கவில்லை. அந்தப் படிப்பில் கிடைத்தது இது, அது இந்த வேலைக்கு இப்படிப் பயன்படும். தோல்வியைச் சாதாரணக் குரலில் சொல்ல முடிகிறவரிடம் ஒரு முதிர்ச்சி தெரிகிறது.

சம்பளப் பேச்சில் வெட்கம் நஷ்டம். நிறுவனங்கள் சொல்லும் ‘சி.டி.சி.’ என்ற ஆண்டுத் தொகை கைக்கு வரும் சம்பளம் அல்ல. வருங்கால வைப்பு நிதிக்கு நிறுவனம் கட்டும் பங்கு, பணிக்கொடை, காப்பீடு, கிடைத்தால் உண்டு என்கிற ஊக்கத்தொகை எல்லாம் அதில் அடங்கலாம். மாதம் கையில் எவ்வளவு வரும் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. அதே வேலைக்கு அதே ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு ஒரு வரம்பைச் சொல்வது, உங்கள் விருப்பம் சார் என்பதைவிட மதிப்பானது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெரியாது என்ற விடை. ‘தெரியவில்லை ஐயா’ என்று நிதானமாகச் சொல்லத் தெரியாமல், தெரியாத பொருளைப் பற்றி மூன்று நிமிடம் பேசி மாட்டிக்கொள்கிறவர்கள் இழப்பது ஒரு கேள்விக்கான மதிப்பெண்ணை மட்டும் அல்ல. பொழுதுபோக்குப் பத்தியில் தோட்டக்கலை என்று எழுதிவிட்டு மண்புழு உரத்தைப் பற்றிக் கேட்டால் விழிப்பதும் இதே வகை. சொந்த மாவட்டம், படித்த பாடம், எழுதிக் கொடுத்த பொழுதுபோக்கு ஆகிய மூன்றிலும் தெரியாது என்று சொல்லும் சலுகை கிடையாது. சிவகாசிக்காரருக்குப் பட்டாசும் தஞ்சாவூர்க்காரருக்குக் காவிரியும் எப்போதும் பாடத்திட்டத்தில் உண்டு.

கல்யாணம் எப்போது?

பெண்களுக்கு மட்டும் கேள்வித்தாளில் ஒரு பக்கம் கூடுதல். அதற்கு வயதும் அதிகம். சுதந்திரம் கிடைத்த சூட்டோடு குடிமைப் பணித் தேர்வில் வென்று இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரியான குடகு நாட்டு சி.பி. முத்தம்மாவை, அந்தப் பணியை எடுக்க வேண்டாம் என்று தேர்வுக் குழுவே தடுக்கப் பார்த்தது. அவர் அசையவில்லை. பிறகு, பதவி உயர்வில் பெண் என்பதால் ஒதுக்கப்பட்டதாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு, பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் அனுமதி வேண்டும் என்ற விதியின் அநீதியை வெளிச்சம் போட்டது.

ஐ.ஏ.எஸ். பணியின் முதல் பெண் அதிகாரியான அன்னா ராஜம் மல்ஹோத்ராவின் கதையும் அதே ரகம். 1951இல் பணியில் சேர்ந்த அவரிடம், பெண்களுக்கு ஏற்றது வெளியுறவுப் பணியோ மத்தியப் பணிகளோதான் என்று தேர்வுக் குழு எடுத்துச் சொன்னது. அவர் ஐ.ஏ.எஸ்.ஸில் உறுதியாக நின்று, சென்னை மாநிலத்தைக் கேட்டு வாங்கினார். திருமணமானால் பணி போய்விடும் என்று நியமன உத்தரவிலேயே எழுதியிருந்தது. அந்த விதி பின்னர் மாறியது. ராஜாஜி முதலமைச்சராக இருந்த காலத்தில் ஓசூரில் சப் கலெக்டராகத் தொடங்கியவர், பிற்காலத்தில் மத்திய அரசின் செயலாளர் வரை உயர்ந்தார்.

ஆளெடுப்பில் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனாலும் கேள்வி ஓயவில்லை. கொஞ்சம் நாகரிகமாக உடுத்திக்கொண்டு வருகிறது. உங்கள் எதிர்காலத் திட்டம் என்ன? வீட்டில் ஒத்துழைப்பு உண்டா? வேறு ஊருக்கு மாற்றினால் போவீர்களா? கோபப்பட உரிமை உண்டு, ஆனால் வேலையும் வேண்டும் என்கிற நிலையில், பின்னாலுள்ள கேள்விக்கு மட்டும் விடை சொல்வது ஒரு வழி. ‘இந்த வேலை கேட்கும் நேரத்தையும் பயணத்தையும் தெரிந்துகொண்டுதான் விண்ணப்பித்தேன். அதில் எனக்குத் தடையில்லை.’ அதற்கு மேல் சொந்த விவரம் எதையும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆண்களிடம் இதைக் கேட்பதில்லை என்பதை அந்த அறையில் எல்லோரும் அறிவார்கள்.

எந்த மொழியில்?

சிறு ஊரிலிருந்து வருகிறவர்களின் பெரும் பயம் ஆங்கிலம். கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979இல் குடிமைப் பணித் தேர்வு மாற்றி அமைக்கப்பட்டபோது, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எழுதும் கதவு திறந்தது. முதன்மைத் தேர்வை இந்திய மொழியில் எழுதுகிறவர் நேர்முகத்தையும் அந்த மொழியிலேயே சந்திக்கலாம். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கும் பின்னர் அந்த வழி பிறந்தது. தமிழைத் தேர்ந்தெடுத்தால் குழுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்காருவார்.

இதற்கும் தனித் தயாரிப்பு வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் விடையும் இரண்டு தடவை சொல்லப்படுவதால் அரை மணி நேரம் பாதியாகச் சுருங்குகிறது. நீண்ட வாக்கியம் மொழிபெயர்ப்பாளரின் கையில் உடைந்துபோகும். ஒரு கருத்து, ஒரு வாக்கியம், ஒரு நிறுத்தம் என்று பேசிப் பழக வேண்டும். பழமொழியும் சிலேடையும் அந்தப் பாலத்தைக் கடப்பதில்லை. ‘மானம்’ என்றோ ‘மனசாட்சிக்கு உறுத்தும்’ என்றோ சொன்னால் அதை ஒரு சம்பவத்தால் விளக்கிவிடுவது பத்திரம். சம்பவம் எந்த மொழியிலும் சிதையாது. நிதிப் பற்றாக்குறை, இட ஒதுக்கீடு, நிலச் சீர்திருத்தம் போன்ற சொற்களின் ஆங்கில வடிவம் கைவசம் இருந்தால் மொழிபெயர்ப்பு தடுமாறும்போது உதவும். கண் மட்டும் மொழிபெயர்ப்பாளர் பக்கம் போகக் கூடாது. கேள்வி கேட்டவரைப் பார்த்தே விடை சொல்ல வேண்டும்.

தனியார் நிறுவனங்களில் இந்த வசதி இல்லை. அங்கேயும் இலக்கணம் தவறிய ஆங்கிலம் பலர் நினைக்கிற அளவுக்கு ஆளைக் கவிழ்ப்பதில்லை. தமிழில் யோசிக்காமல், ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து, நடுவில் ஒரு சொல் மறந்து முழுதும் சரிவதுதான் கவிழ்க்கிறது. சொல்ல வேண்டியதை முதலில் தமிழில் யாருக்காவது சொல்லிப் பார்த்துவிட்டால், ஆங்கிலத்தில் எளிய சொற்கள் தாமே வந்து சேரும்.

பத்துச் சம்பவங்கள்

அப்படியானால் தயாரிப்பு எது? ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தன் வாழ்க்கையிலிருந்து பத்துச் சம்பவங்களை விண்ணப்பதாரர் எழுதிக்கொள்ளலாம். ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சண்டை, ஒரு தவறு, யாருக்காவது உதவியது, யாரையாவது எதிர்த்து நின்றது, பணத்தைக் கையாண்டது, புதிதாக ஒன்றைக் கற்றது என்று. ஒவ்வொன்றுக்கும் நாலு வரி: நிலைமை என்ன, தன் பொறுப்பு என்ன, தான் செய்தது என்ன, விளைவு என்ன. மூன்றாவது வரிதான் முக்கியம். நாங்கள் செய்தோம் என்று எழுதும் பழக்கத்தை விட்டு, நான் செய்தது என்ன என்று பிரித்தெடுக்க வேண்டும். இந்தப் பத்தும் கைவசம் இருந்தால் நூறு கேள்விகளைச் சமாளிக்கலாம். கூலி நோட்டுச் சம்பவம் ஒன்றே பலம் என்ன, நெருக்கடியை எப்படிச் சமாளித்தீர்கள், ஏன் வங்கி வேலை என்ற மூன்று கேள்விகளுக்கு விடை.

அடுத்தது வாய்விட்டுச் சொல்வது. மனசுக்குள் பேசும்போது எல்லோரும் பேச்சாளர்கள். செல்போனில் பதிவு செய்து கேட்டால்தான் ‘ஆக்சுவலி’யும் ‘பேசிக்கலி’யும் எத்தனை தடவை வருகின்றன என்று தெரியும். 2020க்குப் பிறகு பல நிறுவனங்களின் முதல் சுற்று கணினித் திரைக்கு மாறிவிட்டதால் இந்தப் பயிற்சிக்கு இரட்டைப் பயன். திரையில் தெரியும் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துப் பேசுவதும், வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருப்பதும், பின்னால் பிரஷர் குக்கர் விசில் அடிக்காமல் பார்த்துக்கொள்வதும் புதிய பாடங்கள்.

மாதிரி நேர்முகங்கள் உதவும், அளவோடு. ஒருவர் சிரித்துப் பேசு என்பார், இன்னொருவர் சிரிக்காதே என்பார். பத்து இடத்தில் ஏறி இறங்கினால் மிஞ்சுவது குழப்பம். திருக்குறளில் அவையறிதல் முதலில் வருகிறது, அவையஞ்சாமை அதற்கு அடுத்த அதிகாரம். எதிரே இருப்பவர் யார், என்ன தேடுகிறார் என்று அறிந்துகொண்டால் அச்சம் பாதி குறைந்துவிடும் என்பது அந்த வரிசையிலேயே இருக்கிறது.

ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் பணித் தேர்வு வாரியம் ஐந்து நாள் சோதிக்கிறது. உளவியல் சோதனையின் ஒரு பகுதியில் விண்ணப்பதாரர் எழுத வேண்டியது: பெற்றோர் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? ஆசிரியர்கள்? நண்பர்கள்? இந்தக் கேள்விக்கும் கடையில் விடை விற்கிறது. ஆனால் அதற்கு ஒரே ஒழுங்கான தயாரிப்பு, அவர்களிடம் போய்க் கேட்பது. அம்மாவிடம், நான் எப்படிப்பட்டவன் என்று கேட்கக் கூச்சப்படுகிறவன், அதையே முன்பின் தெரியாத அதிகாரியிடம் எப்படிச் சொல்லப்போகிறான்?

கேட்பவர்களுக்கும் ஒரு பாடம்

எவ்வளவு தயாரித்தாலும் எதிர்ப்பக்கம் நேர்மையாக இல்லாவிட்டால் பயனில்லை. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கையில் நேர்முகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் இருந்தது. மாணவர்களிடம் இரண்டு மூன்று நிமிடம் பேசி, பெற்றோர் யார், எந்த ஊர் என்று விசாரித்து அனுப்பினார்கள் என்பது புகார். அஜய் ஹாசியா வழக்கு என்று பெயர்பெற்ற அதில் 1980இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய சேர்க்கையில் நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் கொடுப்பது தன்னிச்சையானது என்றது. நேர்முகத்தை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னது. 1985இல் ஹரியானா அரசுப் பணித் தேர்வு பற்றிய வழக்கில், பொதுப் பிரிவுக்கு 22.2 சதவீதம் அதிகம், 12.2க்கு மேல் போகக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அன்று மத்தியத் தேர்வாணையம் வைத்திருந்த அளவு அது.

கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகமே சிபாரிசுக்கும் லஞ்சத்துக்கும் வாசலாகிவிட்டது என்ற புகார் நெடுங்காலமாக இருந்தது. மத்திய அரசின் கெஜட்டட் அல்லாத ‘பி’ பிரிவு, ‘சி’ பிரிவுப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகம் ரத்தாயிற்று. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நிம்மதி.

மேல்நிலைப் பணிகளிலும் தனியாரிலும் நேர்முகம் தொடர்கிறது. அதை ஒழுங்காக நடத்தும் வழியும் ரகசியம் அல்ல. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்முகம், அரட்டை நேர்முகத்தைவிட வேலைத் திறனை நன்றாகக் கணிக்கிறது என்பதை, 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்த அமெரிக்க உளவியலாளர்கள் ஷ்மிட்டும் ஹன்டரும் 1998இல் காட்டினார்கள். 2022இல் சாக்கெட் குழு கணக்கைத் திருத்திப் போட்டபோது, அத்தகைய நேர்முகமே எல்லா முறைகளிலும் முதலிடத்துக்கு வந்தது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவது அனுபவம் அல்ல, சோம்பல்.

தோல்பூர் மாளிகை வாசலில் நேரமாகிவிட்டது. செல்போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, உதடுகள் அசைய, பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களிடம் கேட்கப்போவது, நீங்கள் யார் என்பது. அதற்கு மிகச் சரியான விடை தெரிந்தவர் வெளியே நடைபாதையில், பிள்ளையின் செல்போனைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.